ரேஸ் பைக் ஃப்ரேம் வாங்குகிறீர்களா? கழுத்து எண்ணைச் சுரண்டிப் பாருங்கள்

ஹொண்டா சிபிஆர் 250 ஆர்ஆர் (எம்சி22) வைத்து ரேஸ் ஓடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டுகுருந்தை ரேஸ் தடத்தில் விழுந்ததில் என் பைக்கின் ஃப்ரேம், ஹேண்டில் மாட்டும் கழுத்துப் பக்கம் வெடித்துவிட்டது. அலுமினிய ஃப்ரேம். வெல்டிங் போட்டு ஓட எனக்குத் துணிவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு பார்ட்ஸ் கடையில் அதே மொடல் ஃப்ரேம் கிடைத்தது.

கடைக்காரர், "பேப்பர் எல்லாம் கிளியர் தம்பி, ஓப்பன் பேப்பர் தாறன்" என்றார். உரிமையாளரின் கையெழுத்தோடு, வாங்குபவர் பெயர் எழுதாமல் விட்ட உரிமை மாற்றப் படிவமும் சீஆரின் (வாகனப் பதிவுச் சான்றிதழின்) ஃபோட்டோகொப்பியும் கைக்கு வந்தன. ஒரிஜினல் சீஆர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறதாம், பஸ்ஸில் போட்டு விடுவார்களாம். பற்றுச்சீட்டில் சேஸி எண்ணை, அதாவது ஃப்ரேமின் கழுத்தில் அடித்திருக்கும் அடையாள எண்ணை, எழுதச் சொன்னேன். எழுதினார், ஆனால் ஃப்ரேமைப் பார்த்து அல்ல, கொப்பியைப் பார்த்து. ஃப்ரேமின் கழுத்தில் கறுப்புப் பெயின்ட் தடிப்பாக அப்பியிருந்தது, எண் மங்கலாகத்தான் தெரிந்தது. கொப்பியோடு பொருந்தவும் செய்தது.

கராஜில் பெயின்டை உரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இது போன்ற ஹொண்டாவின் ஜப்பான் உள்நாட்டு மொடல்களில் 17 எழுத்து எண் இருக்காது. மொடல் குறி, ஒரு கோடு, அதன்பின் 7 இலக்கங்கள், அவ்வளவுதான். இதில் 'எம்சி22' சுத்தமாக இருந்தது. கடைசி இலக்கங்கள் மட்டும் ஆழம் கூடி, வரிசை கோணி நின்றன. அந்த இடத்தில் அலுமினியமும் இலேசாகக் குழிந்திருந்தது. பழைய எண்ணைக் கிரைண்டரால் அழித்து, சீஆரில் உள்ள எண்ணைக் கையால் அடித்திருக்கிறார்கள். மெக்கானிக் அண்ணன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இனி இதில் ஒரு போல்ட்டும் பூட்ட மாட்டேன் என்றார்.

அப்புறம் சீஆரில் இருந்த வாகன இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் போட்டுப் பார்த்தேன். அப்சலூட் ஓனர் (கடன் தீரும்வரை முழு உரிமை உள்ளவர்) இடத்தில் ஒரு லீசிங் நிறுவனம்! அதாவது, அந்தப் பேப்பர் வேறொரு பைக்கினுடையது, அதுவும் கடன் முடியாத பைக். என் கையில் இருந்த ஃப்ரேம் யாருடையது என்று கண்டுபிடிக்க என்னிடம் வழி இல்லை. களவெடுத்த பைக்காகவும் இருக்கலாம்.

கடைக்காரரிடம் திரும்பப் போனால், "ரேஸுக்குத்தானே தம்பி, அதுக்கு யார் சீஆர் கேக்கிறது?" என்கிறார். நம் ஆட்களில் பலரும் இதையே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பன்னலை ரேஸ் தடத்துக்கு லொறியில் ஏற்றிப் போகும்போது வழியில் பொலிஸ் மறித்து எண்ணைப் பார்த்தால் என்ன சொல்வது? நாளைக்கு விற்கப் போனால், உரிமை மாற்றத்தில் சேஸி எண் சிக்கும். எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பதிவைப் பொறுத்தவரை பைக் என்பது அந்தக் கழுத்தில் அடித்த எண்தான்.

காசைத் திருப்பித் தரவில்லை. "வேற பார்ட்ஸ் எடுத்துக்கொள்ளுங்க" என்றார், மறுத்துவிட்டேன். பொலிஸில் முறைப்பாடு போட்டிருக்கிறேன், ஃப்ரேமையும் ஒப்படைத்துவிட்டேன். விசாரணை நடப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை, இன்பொக்ஸிலும் கேட்காதீர்கள்.

ஃப்ரேம் தேடுபவர்கள் பெயின்ட் உரித்த கழுத்தின் படத்தை முதலில் கேளுங்கள். பதிவு செய்த பைக்கிலிருந்து கழற்றியது என்றால் ஒரிஜினல் சீஆர், அதில் பெயருள்ளவரின் அடையாள அட்டை, அவரே நேரில். வெளிநாட்டிலிருந்து பாகமாக வந்தது என்றால் சுங்கப் பத்திரம். சத்தியக்கடதாசி முடித்துத் தருகிறேன் என்பார்கள். களவுப் பொருளை அது யாருக்கும் சொந்தமாக்காது. எனக்கு விற்ற கடைக்காரர் இப்போதும் விளம்பரம் போடுகிறார், எல்லாப் படத்திலும் கழுத்துப் பகுதி மட்டும் வெட்டுப்பட்டிருக்கிறது.