மாத்திரை டப்பாவா, அட்டையா? செட்டிநாட்டு வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் இப்போது வயதானவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்துபோகும் பிள்ளைகள், ஒரு மாதத்துக்கான மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி, வேளைவாரியாக டப்பாவில் நிரப்பிவிட்டுப் புறப்படுவதுண்டு. வேளை தவறக் கூடாது என்ற அக்கறை நியாயமானதே. ஆனால் அட்டையில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி, மாத்திரை அந்த அட்டைக்குள் இருக்கும்வரைதான் செல்லும்.

அட்டைகளும் ஒரே தரமானவை அல்ல. இருபுறமும் அலுமினியத் தகடு கொண்டவை ஈரத்தையும் ஒளியையும் ஏறக்குறைய முழுமையாகத் தடுக்கின்றன. ஒருபுறம் தெளிந்த பிளாஸ்டிக் உள்ளவை ஒளியைத் தாராளமாகவும் ஈரத்தைச் சிறுகச் சிறுகவும் உள்ளே விடுகின்றன. மருந்துக் கடையில் உதிரியாகப் போட்டுத் தரும் காகிதக் கவர் இரண்டையுமே தடுப்பதில்லை. பெயரும் தேதியும்கூட அதில் இருக்காது. அதை ஒரு தேர்வாகவே நான் கருதவில்லை.

வாராந்திர டப்பாவைப் பற்றித்தான் விரிவாக யோசிக்க வேண்டும். அதன் மூடி காற்றுப் புகாத மூடி அன்று. பாரசிட்டமால் போன்றவை அதில் ஒரு வாரம் கெடாமல் இருக்கும். வலிப்புக்கான சோடியம் வால்புரோயேட்டோ காற்றிலுள்ள ஈரத்தை வெகுவேகமாக இழுத்து, ஊறி இளகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அதைப் பிதுக்கி வைக்கவே கூடாது. கிருமித்தொற்றுக்கான அமாக்ஸிசிலினோடு சேர்ந்து வரும் கிளாவுலானிக் அமிலமும் ஈரத்தில் சிதைவதுதான். ஆஸ்பிரின் ஈரத்தால் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரிவதால், கெட்டதைக் காடி வாசனையே காட்டிக்கொடுக்கும். இரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிப்பினுக்கு ஒளி ஆகாது.

தோற்றத்தை மட்டும் நம்பவும் முடியாது. மேல்பூச்சின் நிறம் சற்று மங்கிய மாத்திரைக்குள் மருந்து முழு அளவில் இருக்கக்கூடும். பார்வைக்குப் புதிதாகவே தெரியும் தைராக்ஸின் மாத்திரை, வெப்பத்தாலும் ஈரத்தாலும் வீரியம் குறைந்திருக்கக்கூடும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் ஆவியாகும் இயல்புடையது. அதன் சொந்தப் புட்டியை விட்டு எடுத்தால், அவசரத்துக்கு உதவாமல் போகலாம்.

அட்டையைப் பிதுக்காமல், ஒவ்வொரு குமிழாகக் கத்தரித்து டப்பாவில் போடுவது நல்ல நடுவழி. தேதி அச்சிட்ட முனையைக் கடைசிவரை வைத்திருந்தால் போதும். ஆனால் பார்வை மங்கிய முதியவர்கள் கூரிய விளிம்புள்ள அந்தத் துண்டை மாத்திரையோடு சேர்த்து விழுங்கி, உணவுக்குழாய் கிழிந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஆகவே கண்பார்வை நன்றாக உள்ள ஆச்சிக்குக் கத்தரித்த குமிழ்களையே பரிந்துரைப்பேன். பார்வை குறைந்தவருக்கு டப்பாதான் பொருத்தம். ஆனால் எளிதில் கெடுபவை என்று மேலே சொன்ன மருந்துகளை அதில் சேர்க்காமல், மற்றவற்றையும் ஒரு வாரத்துக்கு மட்டும், பக்கத்திலிருப்பவர் யாரேனும் நிரப்பித் தர வேண்டும். எதைப் பிரிக்கலாம் என்பதை மருந்தாளுநரிடம் முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. டப்பாவை அடுப்படியிலும் வெயில் விழும் முற்றத்து ஓரத்திலும் வைக்காமல், உள்ளறை அலமாரியில் வைக்கலாம். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், வெளியே எடுத்துத் திறக்கும்போதெல்லாம் உள்ளே ஈரம் படியும்.