விற்பனைக்கு வந்த 1974 பீட்டில் கன்வெர்ட்டிபிள்: ஓட்டிப் பார்த்தேன்

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் திறந்த கூரை வண்டி, அதுவும் வளைந்த முன்கண்ணாடி உள்ள 1303 மாடல். ஜெர்மனியின் ஆஸ்னாப்ரூக்கில் கார்மன் கம்பெனி 1949-லிருந்து 1980 வரை கட்டிய வரிசையில் வந்தது. முழுக்கப் புதுப்பித்தது என்று சொல்லி விற்கிறார்கள்.

பெயின்ட் அருமை, ஆனால் இந்த வண்டியில் பெயின்டைப் பார்த்து மயங்கவே கூடாது. கூரை இல்லாததால் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குவது கதவுக்குக் கீழே ஓடும் ஹீட்டர் குழாய்ப் பெட்டியும் அதோடு சேர்த்து வெல்டு செய்த கூடுதல் இரும்புப் பட்டையும்தான், அது துருப்பிடித்தால் நடுவில் தொய்ந்து கதவு இடைவெளி மேலே குறுகி கீழே விரியும். இதில் இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே சீராக இருந்தது, கதவும் லேசாகத் தள்ளியதும் மூடியது. சரி என்று துணி சுற்றிய காந்தத்தை அடிப்பக்கம் வைத்து நகர்த்தினால், இடது பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு உள்ளங்கை அளவுக்கு ஒட்டவே இல்லை. அங்கே இரும்புக்குப் பதிலாகப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள்! முழுக்கப் புதுப்பித்தது என்று சொல்லிவிட்டு இப்படிச் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை.

கூரைத்துணி மட்டும் மனதைக் கொள்ளை கொண்டது. உள்ளே மெத்தை வைத்துத் தைத்த கனமான கூரை, பின்னால் நிஜக் கண்ணாடி, மூடிவிட்டால் காற்றுச் சத்தம் ரொம்பக் குறைவு. மடித்தால் பின்னால் குவியலாக நிற்கும், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் பாதி சாலை தெரியாது, அது எல்லா பீட்டில் கன்வெர்ட்டிபிளிலும் அப்படித்தான்.

1584 சிசி எஞ்சின், 50 குதிரைத்திறன், காற்றில் குளிர்வது. உடனே ஸ்டார்ட் ஆனது, புகை இல்லை. அப்புறம் பின்சீட்டுக்கு அடியில் பொறித்த சேசிஸ் எண் பத்திரத்தோடு பொருந்துகிறது.

பட்டி பூசிய இடத்தை வெட்டிப் புது இரும்பு வைத்துத் தந்தால் தயங்காமல் வாங்கலாம். இல்லையென்றால் அந்த வேலைக்கான செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.