மைக்ரோபயாலஜியா, பயோடெக்கா, எம்எல்டியா?

பிளஸ் டூவில் பயாலஜி எடுத்து, நீட்டில் நினைத்த மார்க் வராமல் போன பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஓடும் பேச்சு இது. எல்லாம் லேப் வேலைதானே, எதைப் படித்தால் என்ன என்பார்கள் சொந்தக்காரர்கள். அப்படி இல்லை. நான் படித்தது கிருமிகளைப் பற்றிய மைக்ரோபயாலஜி, வேலை பார்ப்பது ஒரு மருந்துக் கம்பெனியின் க்யூசியில், அதாவது தரம் சோதிக்கும் பிரிவில். அதனால் என் பேச்சு கொஞ்சம் ஒரு பக்கம் சாயும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

வீட்டுக்குச் சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்றால் எம்எல்டி, அதாவது மெடிக்கல் லேப் டெக்னாலஜி. ரத்தம் எடுப்பது, ஸ்மியர் போடுவது, அனலைசரில் ஓட்டி ரிப்போர்ட் கொடுப்பது என்று படித்ததையே வேலையிலும் செய்வீர்கள், நைட் டியூட்டிக்கு மட்டும் உடம்பு ஒத்துழைக்க வேண்டும். பிஎஸ்சி மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்துகொள்ளலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆனால் அரசு ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன் வேலைக்கு எம்எல்டி படிப்பைத்தான் கேட்பார்கள். என் செட்டில் இரண்டு பேர் இது தெரியாமல் டிகிரியை முடித்து, அப்புறம் எம்எல்டி டிப்ளமோவான டிஎம்எல்டியில் போய்ச் சேர்ந்தார்கள்.

பயோடெக்குக்குப் பெயரில் மவுசு அதிகம், பிடெக் என்றால் ஃபீஸும் அதிகம். தடுப்பூசி, இன்சுலின் தயாரிக்கும் பெரிய கம்பெனிகள் ஹைதராபாத், பெங்களூரு பக்கம் இருக்கின்றன. ஆராய்ச்சிப் பக்கம் போக வெறும் பட்டம் போதாது, மேலே படிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த பிடெக்காரர்களில் பாதிப்பேர் இன்று ஐடியில் இருக்கிறார்கள். சம்பளம் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு பயோடெக் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

மைக்ரோபயாலஜியில் வேலை இருக்கிறது, ஆனால் எதிர்பாராத இடங்களில் இருக்கும். என் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு, ஊசி மருந்து நிரப்பும் அறைக்குள் போய் மீடியா பிளேட்டை (கிருமி வளர ஊட்டம் ஊற்றிய தட்டு) திறந்து வைத்து, எடுத்து வந்து இதமான சூட்டில் இன்குபேட் செய்து, எத்தனை கிருமிக் காலனி வந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். மருந்தில் கிருமி இல்லையா என்று பார்க்கும் ஸ்டெரிலிட்டி டெஸ்ட் என்றால் 14 நாள் காத்திருப்பு. கல்லூரியில் கிருமியை வளர்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள், இங்கே ஒன்றும் வளர்ந்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு இன்குபேட்டரைத் திறக்கிறேன்.

என் ஜூனியர் ஒருத்தி மரக்காணம் பக்கம் இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் இருக்கிறாள். தினமும் தொட்டித் தண்ணீரை டிசிபிஎஸ் என்ற மீடியா பிளேட்டில் தடவி, இறாலுக்கு நோய் தரக்கூடிய விப்ரியோ பாக்டீரியாவை எண்ணுவாள். சுக்ரோஸை நொதிக்க வைக்கும் வகை மஞ்சளாக வரும், முடியாதது பச்சையாக வரும். பச்சை கூடினால் முதலாளி முகம் மாறிவிடும் என்பாள். உப்புக் காற்று, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, ஆனால் அவள் சொன்னால்தான் தொட்டியில் அடுத்த வேலை நடக்கும்.

இன்னொன்று, உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கான தகுதிப் பட்டியலில் மைக்ரோபயாலஜி பட்டமும் உண்டு. கடைசி வருடம் வரை இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆராய்ச்சி ஆசை இருந்தால் எம்எஸ்சி, அப்புறம் நெட் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். எம்எஸ்சி இல்லாமல் க்யூசியில் சேரலாம், சில வருடத்தில் பிரமோஷன் நேரம் வரும்போது அது இடிக்கும்.

சரி, மைக்ரோபயாலஜிதான் என்று முடிவு செய்தால், ஃபீஸ் கட்டும் முன் அந்தக் கல்லூரி லேபை ஒரு முறை நேரில் பார்த்துவிடுங்கள். எத்தனை பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப், ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி) ஓடுகிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நான் படித்த இடத்தில் ஆட்டோகிளேவ் ஒரு வருடம் ரிப்பேரில் கிடந்தது, மீடியாவை பிரஷர் குக்கரில்தான் ஸ்டெரிலைஸ் செய்தோம். முதல் இன்டர்வியூவில் ஆட்டோகிளேவ் வேலிடேஷன், அதாவது அது சரியாகக் கிருமி நீக்குகிறது என்று நிரூபிப்பது பற்றிக் கேட்டபோது எனக்கு விசில் சத்தம்தான் ஞாபகம் வந்தது.