பழைய சவரக்கத்தியைத் தீட்டப் பழகுவோருக்கு: கிங் 1000/6000 இருமுகக் கல் மதிப்புரை

பழைய மடக்குச் சவரக்கத்தி ஒன்றைத் தானே தீட்டி முகத்தில் வைக்க விரும்புகிறவர் முதலில் எந்தக் கல்லை வாங்க வேண்டும் என்று கேட்டால், ஜப்பானில் செய்யப்படும் கிங் கே.டபிள்யூ.-65 என்ற இருமுகக் கல்லை வாங்கச் சொல்வேன். அதை வாங்கியபின் ஆறு மாதத்துக்காவது வேறு கல்லைத் தேட வேண்டாம் என்றும் சொல்வேன். ஒரு முகம் 1000 எண், மறுமுகம் 6000 எண்; எண் கூடக் கூடக் கல்லின் துகள் நுண்மையாகும். ஏறத்தாழ 18 செ.மீ. நீளமும் ஆறு செ.மீ.க்குச் சற்று மேற்பட்ட அகலமும் கொண்ட இந்தக் கல்லோடு பிளாஸ்டிக் தாங்கி ஒன்றும் வருகிறது. கோயமுத்தூர், ஈரோடு இரும்புச் சாமான் கடைகளில் கேட்டால் கொடுவாளுக்கும் அரிவாளுக்கும் ஏற்ற கறுப்புக் கார்போரண்டம் கல்லைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள் என்பதால், இதை இணையத்தில்தான் வரவழைக்க வேண்டியிருக்கும்.

கல்லைப் பற்றிச் சொல்வதற்கு முன், செய்யக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையையும் கத்தரிக்கோலையும் தாராளமாகக் கொடுக்கலாம்; சவரக்கத்தியை மட்டும் கொடுக்கக் கூடாது. இது அவருடைய தொழில்திறன் பற்றிய பேச்சே அல்ல. பழைய சவரக்கத்தியின் அலகு இரு பக்கமும் குழிவாகத் தேய்க்கப்பட்டு, விளிம்பை நெருங்கும்போது தாளைப் போல மெலிந்திருக்கும். உலர்ந்த சாணைச் சக்கரம் அந்த மெல்லிய இடத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் சூடாக்கிவிடும். எஃகு நீலநிறம் காட்டினால் அங்கே வெப்பம் 300 பாகை செல்சியஸை எட்டிவிட்டது என்று பொருள். அந்த இடத்தின் பதம், அதாவது கடினத்தன்மை, இறங்கிப்போகும், பிறகு எந்தக் கல்லும் அங்கே கூரை நிலைக்க வைக்காது.

தொடக்கக்காரருக்கு ஆறுதலான செய்தி, கோணத்தைக் கையால் பிடித்துப் பழகும் தேவை இங்கே இல்லை என்பதே. சமையலறைக் கத்தியைத் தீட்டுகிறவர் மணிக்கட்டை அசையாமல் ஒரே கோணத்தில் வைத்திருக்கப் படாத பாடு படுவார். சவரக்கத்தியிலோ தடித்த முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லில் படுகின்றன. முதுகின் தடிமனும் அலகின் அகலமுமே கோணத்தை முடிவுசெய்கின்றன. விளிம்பின் இருபுறமும் கல் தேய்த்து உண்டாக்கும் இரு சரிவுகளும் சேர்ந்து பெரும்பாலும் 16 முதல் 18 பாகை வரை அமையும். முதுகைக் கல்லிலிருந்து ஒருபோதும் தூக்காமல் இருப்பது ஒன்றே தொடக்கக்காரரின் கடமை. முதுகு தேய்வதைத் தவிர்க்க மின்கம்பிக்கு ஒட்டும் டேப்பை ஒரு சுற்று ஒட்டிக்கொள்ளலாம். சாதாரண 5/8 அங்குல அகல அலகில் அது கோணத்தைச் சுமார் ஒரு பாகை கூட்டும். ஆகவே ஒரு முறை டேப்போடு தொடங்கினால் கடைசிக் கல்வரை டேப்போடுதான் போக வேண்டும்.

இந்தக் கல்லின் முழு மதிப்பும் 1000 முகத்தில் இருக்கிறது. 'எவ்வளவு நுண்ணிய கல் வேண்டும்' என்று கேட்கிறவர்கள் அதிகம். விளிம்பின் இரு சரிவுகளும் அடியிலிருந்து (பிடிப்பக்க முனை) மூக்குவரை (மறுமுனை) இடைவெளியின்றிச் சந்தித்துவிட்டனவா என்று கேட்கிறவர்கள் குறைவு. அந்தச் சந்திப்பு இல்லாத கத்தியை 12000 எண் கல்லில் நாள்முழுக்கத் தேய்த்தாலும், மழமழப்பான மொண்ணை விளிம்புதான் கிடைக்கும். 1000 முகத்தைக் குமிழி வருவது நிற்கும்வரை சில நிமிடங்கள் நீரில் ஊறவைத்து, விளிம்பை முன்னோக்கி வைத்து, அடியில் தொடங்கி மூக்கில் முடியும்படி குறுக்காக இழுத்துத் தள்ள வேண்டும். அலகு கல்லின் அகலத்தைவிட நீளமானது என்பதால் நேராகத் தள்ளினால் ஒரு பகுதி எப்போதும் கல்லுக்கு வெளியிலேயே நின்றுவிடும். சரிவின்மீது மார்க்கர் பேனாவால் கோடு இழுத்துவிட்டுச் சில தள்ளல்களுக்குப் பின் பார்த்தால், மை அழியாத இடம் எதுவோ அதுவே கல் தொடாத இடம்.

அழுத்தம் பற்றிக் கோபிச்செட்டிபாளையத்தில் பல காலம் சலூன் நடத்தி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னது எந்த விளக்கக் காணொளியையும் விடத் தெளிவாக இருந்தது. “அமுக்காதீங்க தம்பி. கல்லு அதும்பாட்டுக்குத் தின்னுக்கும். கத்தியோட கனமே போதுமுங்க.” அழுத்தினால் மெலிந்த அலகு வளைந்து, சரிவின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, விளிம்பின் நுனி தொடப்படாமலே போகும் என்பதைத்தான் அவர் தம் கையின் அனுபவத்திலிருந்து சொன்னார். பாதிப் பிளேடு செருகும் பிடிகள் சலூன்களுக்கு வந்தபின் இந்த அறிவைக் கேட்க ஆளில்லாமல் போனது வருத்தம் தருகிறது. உங்கள் ஊரில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், கல்லை வாங்குவதற்கு முன் அவரைப் போய்ப் பார்ப்பது நல்லது.

1000 முகத்தில் வேலை முடிந்ததா என்று அறிய, முன்கை மயிரைத் தோலோடு ஒட்டி மழித்துப் பார்க்கலாம். விளிம்பு முழுவதும், இரு முனைகள் உட்பட, ஒரே சீராக மழிக்க வேண்டும். அதைவிட நம்பகமானது நகைத் தொழிலாளர்கள் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸ். கோவை ராஜ வீதிப் பக்கம் பொற்கொல்லர்களுக்கான சாமான் விற்கும் இடங்களில் விசாரிக்கலாம். விளிம்பை விளக்குக்கு நேரே நிறுத்திப் பார்க்கையில் எங்காவது ஒளி மின்னினால், அங்கே சரிவுகள் இன்னும் சந்திக்கவில்லை.

6000 முகம் வேறு குணம் கொண்டது. இதை ஊறவைக்கத் தேவையில்லை. மேலே நீர் தெளித்தால் போதும். 1000 விட்ட கீறல்கள் மறைந்து சரிவு மங்கலான கண்ணாடிபோல் வரும்வரை, நேரம் செல்லச் செல்ல அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். 1000-லிருந்து 6000-க்குத் தாவுவது கொஞ்சம் பெரிய தாவல் என்பதால் இங்கே பொறுமை அதிகம் தேவைப்படும். இந்த முகத்தோடு நிறுத்தினால் மென்மையான தாடி உள்ளவருக்குச் சவரம் நடந்துவிடும். முரட்டுத் தாடி உள்ளவருக்குத் தாடையின் கீழே இழுக்கும், எரிச்சலும் வரும். இது கல்லின் குறை அன்று, எண்ணின் எல்லை. சவரக்கத்திக்கு 8000 எண்ணைத் தொடக்கநிலை முடிப்பாகவும் 12000-ஐ வசதியான முடிப்பாகவும் கொள்வது வழக்கம். உடனே அதற்குச் செலவிட மனமில்லாதவர் அரை மைக்ரான் குரோமியம் ஆக்சைடு பசையைத் தனியான ஒரு தோல்துண்டில் மெல்லப் பூசி, பத்துப் பதினைந்து முறை இழுத்தால் இடைவெளியின் பெரும்பகுதி நிரம்பிவிடும். உலோக மெருகுக் கடைகளில் கிடைக்கும் பச்சைக் கட்டி இதற்கு ஈடாகாது. அதில் முரட்டு அலுமினாத் துகள்களும் கலந்திருப்பதுண்டு.

இவ்வகை மென்மையான நீர்க்கற்கள் விரைவாக வெட்டுவதற்குக் காரணம், மேற்பரப்பு தேய்ந்து புதிய துகள்கள் வெளிப்பட்டுக்கொண்டே இருப்பதுதான். அதனாலேயே நடுவில் குழியும் விழும். குழிந்த கல்லில் சவரக்கத்தி தீட்டுவது வீண். தடித்த கண்ணாடிப் பலகைமேல் வாட்டர் பேப்பரை ஒட்டி, கல்லின் மேல் பென்சிலால் கட்டங்கள் வரைந்து, அவை எல்லாம் அழியும்வரை தேய்த்து மட்டம் செய்ய வேண்டும். கணபதி, பீளமேடு லேத் பட்டறைகளில் வேலை செய்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. மட்டப்பலகையில் பொருத்திப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு ஊறியது. புதுக்கல்லையும் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஒருமுறை மட்டம் செய்வது நல்லது. வைரத்துகள் பதித்த உலோகத் தட்டு ஒன்று வாங்க முடிந்தால் வேலை பாதியாகக் குறையும். இரண்டாவது செலவு 12000 கல்லாக இல்லாமல் இதுவாக இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: வாட்டர் பேப்பர்த் தாளில் அச்சிட்ட 1000 எண்ணும் ஜப்பானியக் கல்லின் 1000 எண்ணும் ஒரே அளவல்ல, தாள் முரடானது. கல்லுக்கு மாற்றாகத் தாளில் கத்தியைத் தீட்ட நினைப்பவர்கள் இதனால் ஏமாந்துபோவார்கள்.

தீட்டியபின் வார், அதாவது கத்தியை இழுத்து விளிம்பைச் சீராக்கும் தோல் பட்டை. நல்ல தோலுக்கு ஈரோட்டில் விசாரிக்கலாம். தோல் பதனிடும் தொழில் அங்கே நெடுங்காலமாக உண்டு. மேடுபள்ளமில்லாத, சுமார் 7 செ.மீ. அகலமுள்ள ஒரு துண்டும், சென்னிமலைப் பக்கத்துக் கைத்தறித் தடித்த பருத்தித்துணியில் ஒரு பட்டையும் இருந்தால் போதும். முதலில் துணியில் 20 அல்லது 30 முறை, பிறகு தோலில் 40 அல்லது 50 முறை. கல்லில் விளிம்பு முன்னே செல்லும். வாரில் முதுகு முன்னே செல்ல வேண்டும். திருப்பும்போது முதுகின்மீதே உருட்டித் திருப்பினால் வாரும் வெட்டுப்படாது, விளிம்பும் மழுங்காது.

எந்தக் கத்தியில் இந்த உழைப்பைச் செலவிடலாம் என்பதும் முக்கியம். சோலிங்கன் என்ற பெயர் 1938 முதல் ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. அந்த ஊர் முத்திரையோ ஷெஃபீல்டு முத்திரையோ உள்ள பழைய கத்திகளின் எஃகு பெரும்பாலும் நம்பத்தக்கது. ஆனால் முத்திரையைவிட விளிம்பையே முதலில் பார்க்க வேண்டும். முதுகருகே உள்ள துருக்கறை தொல்லை தராது. விளிம்பருகே துரு குழி பறித்திருந்தால், தீட்டத் தீட்ட விளிம்பு பொரிந்து விழும். விரிசல் கண்ட அலகைத் தொடவே கூடாது. அலகு முறுக்கியிருந்தாலும் விளிம்பு நடுவில் உள்வளைந்திருந்தாலும் அது பழகியவர் கைக்கு உரியது.

கல்லை நிழலில்தான் உலர்த்த வேண்டும். சித்திரை வெயிலில் வைத்தால் விரிசல் விடக்கூடும். 6000 முகத்தை நீரில் மூழ்கவைத்தே வைத்திருக்கவும் கூடாது. கத்தியைப் பொறுத்தவரை, நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் ஒரு துளி தங்கினாலும் மறுநாளே புள்ளி விழும் என்பதால், ஒவ்வொரு முறையும் பிடியின் இடுக்குவரை துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது 24 பாகைக்குக் கீழே உறைந்து நாளடைவில் பிசுக்கேறும். திருப்பூரில் எந்தத் தெருவிலும் கிடைக்கிற தையல் இயந்திர எண்ணெய் அலகுக்கு ஒரு பூச்சு, கீல் ஆணிக்கு ஒரு சொட்டு.