யு.எஸ்.ஏ.ஜாப்ஸ்: வரி வக்கீல் வேலை தேடுகிறவர்களுக்கு எவ்வளவு உதவும்?

அமெரிக்க மத்திய அரசு வேலை என்றாலே எல்லோரும் கைகாட்டுவது யு.எஸ்.ஏ.ஜாப்ஸ் தளத்தைத்தான். நியூ ஜெர்சியில் நம் ஆட்களுக்கு வருமான வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். மகள் சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம். அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். பக்கம் நின்று வாதாடப் போகிறேன் என்கிறாள். “அப்பாவுக்கு எதிர்க்கட்சியாடி நீ?” என்று அவள் அம்மா சிரிக்கிறாள். அவளுக்காக இந்தத் தளத்தை அலசியதில் எனக்குப் பட்டது இது: அறிவிப்புப் பலகை என்ற அளவில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் படிப்பை முடித்து வரும் இளம் வக்கீலுக்கு வேண்டிய அறிவிப்புகளில் பாதி அதில் ஒட்டப்படுவதே இல்லை.

முதலில் நல்லது. வரி என்றும் வக்கீல் என்றும் வெறும் சொல்லைப் போட்டுத் தேடாதீர்கள். வசூல் அதிகாரி, தணிக்கையாளர் என்று சம்பந்தமில்லாததெல்லாம் கலந்து வரும். அரசு ஒவ்வொரு வேலைவகைக்கும் ஓர் எண் வைத்திருக்கிறது. வக்கீலுக்கு 0905. பட்டம் வாங்கி, வக்கீல் தொழில் உரிமத்துக்கான பார் தேர்வில் இன்னும் தேறாதவர்களுக்கு ‘லா கிளார்க்’ என்ற பெயரில் 0904. இந்த இரண்டு எண்களைப் போட்டு, தேடலைச் சேமித்துவைத்தால், புதிதாக வருவது மின்னஞ்சலில் வந்துவிடும். காசு கிடையாது, விளம்பரத் தொல்லையும் கிடையாது.

அறிவிப்பைக் கீழிருந்து மேலாகப் படிக்கச் சொல்லி மகளிடம் சொல்லியிருக்கிறேன். மேலே இருக்கும் வேலை விவரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான். இணைக்க வேண்டிய ஆவணங்கள் என்ற பகுதிதான் ஆளைக் கவிழ்ப்பது. மதிப்பெண் பட்டியலோ எழுத்து மாதிரியோ விட்டுப்போனால் விண்ணப்பத்தை மேற்கொண்டு யாரும் பார்க்க மாட்டார்கள். அதற்கு முன் தகுதிப் பகுதியில் ஒரு வரி இருக்கும்: அமெரிக்கக் குடியுரிமை. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்கள் அந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். மத்திய அரசு வக்கீல் வேலையில் அவர்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை.

ரெஸ்யூமே விஷயத்தில் நல்ல மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் அரசு ரெஸ்யூமே என்றால் ஐந்தாறு பக்கம் எழுதுவார்கள். 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து இரண்டு பக்கத்துக்கு மேல் கூடாது. படித்து முடிக்கிற பிள்ளைகளிடம் ஐந்து பக்கத்துக்கு என்ன இருக்கப் போகிறது? அவர்களுக்கு இது லாபம்தான். அரசு ரெஸ்யூமே எழுதித் தருகிறேன் என்று இன்னமும் காசு கேட்கிறவர்களிடம் போகாதீர்கள்.

சரி, அந்தப் பாதி ஏன் இல்லை? மத்திய அரசில் வக்கீல் பதவிகள் வழக்கமான போட்டித் தேர்வு முறைக்கு வெளியே வைக்கப்பட்டவை. அதனால் அவற்றை இந்தத் தளத்தில் போட்டே ஆகவேண்டும் என்று துறைகளுக்குக் கட்டாயமில்லை. தங்கள் சொந்தப் பக்கத்தில் போடலாம், கல்லூரிகளுக்கு எழுதலாம். புதுப் பட்டதாரிகளுக்கான வாசல் ‘ஹானர்ஸ் புரோகிராம்’. மத்திய அரசின் வழக்குகளை நடத்தும் நீதித் துறையில் (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) அது 1950களிலிருந்தே நடக்கிறது. ஐ.ஆர்.எஸ்ஸுக்கு வக்கீல் வேலை பார்க்கும் சீஃப் கவுன்சல் அலுவலகத்துக்கும் தனியாக ஒன்று உண்டு. இவற்றுக்கெல்லாம் கடைசி வருஷம் தொடங்கும்போதே, கோடை முடிவை ஒட்டி விண்ணப்பித்துவிட வேண்டும். பட்டம் வாங்கியபின் மே மாதம் சாவகாசமாகத் தளத்தைத் திறந்தால், அனுபவம் கேட்கும் பதவிகள்தான் கண்ணில் படும். இதை எச்சரித்து முகப்பில் ஒரு வரி போட்டிருக்கலாம். அரிசோனா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி, அரசு ஹானர்ஸ் வேலைகளுக்கென்றே ஒரு கையேடு வைத்திருக்கிறது. கடைசித் தேதி எல்லாம் அதில் ஒரே இடத்தில் கிடைக்கும். பல கல்லூரிகள் சந்தா கட்டியிருக்கின்றன, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கடவுச்சொல் கேட்டு வாங்குங்கள்.

தளம் சொல்லாத இன்னொன்று, அந்த வேலை எப்படி இருக்கும் என்பது. அதற்காக மகளை நியூயார்க்கில் வரி நீதிமன்ற அமர்வுக்குக் கூட்டிப்போனேன். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். (எனக்கு அங்கே அது மட்டும்தான் முடியும். வக்கீல் அல்லாதவர் வாதாட வேண்டுமானால் அந்த நீதிமன்றம் வைக்கும் தனித் தேர்வில் தேற வேண்டும்.) வாஷிங்டனிலிருந்து வந்த நீதிபதி, வரிசையாகக் கூப்பிடப்படும் வழக்குகள். மனுதாரர்களில் முக்கால்வாசிப் பேர் வக்கீல் இல்லாமல் வந்தவர்கள். ஒருவர் மளிகைக் கடைப் பையில் ரசீதுகளை அடைத்துக் கொண்டுவந்திருந்தார். எதிரே ‘கமிஷனர் தரப்பு’ என்று, அதாவது ஐ.ஆர்.எஸ். வக்கீலாக, எழுந்து நின்ற பெண்ணுக்கு என் மகளைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். நீதிபதி இருவரையும் வெளியே போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னார். தாழ்வாரத்துப் பெஞ்சில் அந்தப் பெண் ஒவ்வொரு ரசீதாக எடுத்து, “இதை ஏற்கிறோம், இதற்கு இன்னும் ஆதாரம் வேண்டும்” என்று பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். மகள் நீதிபதியைப் பார்க்கவே இல்லை, அந்தப் பெஞ்சையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பளத்தை அறிவிப்பில் ஒளிக்காமல் போடுகிறார்கள், அதற்கு ஒரு கும்பிடு. வாஷிங்டன் பகுதியில் ஜி.எஸ்.-11 என்ற அரசுச் சம்பளப் படிநிலைக்கு 2025இல் தொடக்கம் 84,601 டாலர். பெரிய தனியார் சட்ட நிறுவனங்களில் முதல் வருஷமே 2,25,000. ஆனால் அரசு வேலையில் பத்து வருஷம் தவணை கட்டினால் மத்திய அரசுக் கல்விக் கடனில் மிச்சத்தைத் தள்ளுபடி செய்யும் திட்டம் இருக்கிறது. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அப்புறம், நிலைமை. 2025 ஜனவரி 20 அன்று மத்திய அரசில் புது நியமனங்களை நிறுத்திவைத்தார்கள். ஐ.ஆர்.எஸ்ஸுக்கு மட்டும் முடிவுத் தேதி சொல்லப்படவில்லை. நீதித் துறையில் ஹானர்ஸ் புரோகிராம் வழியே வேலை உறுதியானவர்களுக்கே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அங்கே 1930களிலிருந்து தனியாக இயங்கிய வரிப் பிரிவைக் கலைத்து, வேலையை சிவில், குற்றவியல் பிரிவுகளுக்குக் கொடுப்பது என்றும் அந்த வருஷமே முடிவானது. ஆகவே ஒரே தளத்தை நம்பி உட்காராதீர்கள். நியூயார்க் நகரச் சட்டத் துறையில் வரி வழக்குகளைப் பார்க்கும் ஒரு பிரிவு உண்டு. கலிபோர்னியாவில் மாநில வருமான வரியைப் பார்க்கும் ஃபிரான்சைஸ் டேக்ஸ் போர்டு தனக்கென வக்கீல்களை வைத்திருக்கிறது. மாநில, நகர வேலைகளுக்கு அவரவர் தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். சில வருஷம் தொழில் செய்துவிட்டு அரசுக்கு மாற நினைக்கும் வக்கீல் என்றால் நான்கு கொடுப்பேன்.