பெட்ரோல் 1.99, டீசல் தனிக் கணக்கு: சுங்கை சிப்புட் ஓட்டுநருக்குக் கையில் நிற்பது எவ்வளவு?

மலேசியாவில் புதன்கிழமை சாயங்காலம் அடுத்த வார எண்ணெய் விலை வந்ததுமே கைப்பேசிகளில் விலைப் படம் சுற்ற ஆரம்பித்துவிடும். மைகார்டு என்ற குடிமக்கள் அடையாள அட்டையை வைத்து மானிய விலையில் சாதாரணப் பெட்ரோலான ரோன்95 போடுகிறவருக்கு அந்தப் படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. வாரம் வாரம் ஏறி இறங்குவது ரோன்97, மானியம் இல்லாத ரோன்95, தீபகற்பத்து டீசல். அதனால் தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறவர், செம்பனைக் குலை ஏற்றுகிறவர், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறவர் ஆகிய மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. பெட்ரோல் காரருக்குச் செலவைக் கூட்டிக் குறைப்பது பெரும்பாலும் வண்டியின் நிலை. டீசல்காரருக்குத்தான் விலையே நேராக வந்து அடிக்கிறது.

பழைய விலைகளை ஒரு பார்வை பார்த்துவிடலாம். 2008 ஜூன் மாதம் ஒரே இரவில் பெட்ரோல் லிட்டர் 1.92 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 2.70 ஆனது. டீசல் 1.58 இலிருந்து 2.58. அந்த ஏற்றத்தில்தான் தோட்டப்புறத்தில் பலர் காரை வீட்டில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறினார்கள். 2014 டிசம்பரில் பெட்ரோல் மானியம் எடுக்கப்பட்டு, விலை சந்தையோடு ஓட ஆரம்பித்தது. 2017 மார்ச் கடைசியில் மாத விலை வார விலையானது. 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது ரோன்95 லிட்டர் 1.25 வெள்ளிக்கு வந்தது. போக்குவரத்தே இல்லாத நேரத்தில் மலிவாகி என்ன பயன்? 2021இல் 2.05 என்று உச்சவரம்பு போட்டார்கள், அது நாலு வருடத்துக்கு மேல் அப்படியே நின்றது. 2025 செப்டம்பர் 30 முதல் பூடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டத்தில் குடிமக்களுக்கு 1.99. தொடங்கும்போது மாதம் 300 லிட்டர் வரை அந்த விலை என்றும், மானியம் இல்லாத விலை 2.60 என்றும் வைத்தார்கள்.

இந்த எண்களை ஓர் ஆளின் மாதத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து கந்தான், செம்மோர் வழியாக ஈப்போ தாசேக் தொழிற்பேட்டைப் பக்கம் போய் வர நாளுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 26 நாள் வேலை என்றால் 1,560 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தருகிற சாகா, பழைய மைவி போன்ற கார் மாதம் 111 லிட்டர் குடிக்கும். 2.05 விலையில் 228 வெள்ளி, 1.99 விலையில் சுமார் 222. மிச்சம் 7 வெள்ளிகூட இல்லை. அதே காரை மானியம் இல்லாமல் 2.60க்கு ஓட்டினால் 290 வெள்ளி, அதாவது மாதம் 68 வெள்ளி அதிகம். 111 லிட்டர் ஓடுகிற குடும்பக் காருக்குக் கோட்டா தீர்ந்துபோகும் என்ற பயமும் தேவையில்லை. கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறவர் கணக்கு வேறு, அவர்களுக்குத் தனியாகக் கூடுதல் அளவு உண்டு.

ஆகவே பெட்ரோல்காரர் முதலில் காப்பாற்ற வேண்டியது அடையாள அட்டையின் சில்லு. அட்டை படிக்கவில்லை என்றால் அந்த முறை முழு விலை கட்டியாக வேண்டும். 50 வெள்ளிக்கு 1.99 விலையில் 25.1 லிட்டர் வரும், 2.60 விலையில் 19.2 லிட்டர்தான். 14 கிலோமீட்டர் கணக்கில் 80 கிலோமீட்டர் ஓட்டம் ஒரே தடவையில் போய்விடுகிறது. படிக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அழுக்குதான். பட்டறையில், ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பணப்பையில் வேர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, தங்க நிறச் சில்லின் கோடுகளுக்கு நடுவில் கருப்பாகப் படிந்திருக்கும். மென்மையான உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கத்தி முனை, மணல்தாள் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. பின்பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்து அட்டை வளைந்திருந்தாலும் சில்லின் உள்இணைப்பு விட்டுவிடும். அப்படிப்பட்டதைத் துடைத்துப் பயனில்லை, தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் மாற்ற வேண்டியதுதான். ஸ்டேஷனில் அட்டை படிக்கிற டெர்மினலில் அட்டையைச் சொருகிவிட்டு, திரையில் பாக்கி அளவு வரும்வரை கை வைக்காமல் விடுங்கள். பாதியில் உருவினால் மறுபடியும் முதலிலிருந்து. எண்ணெய்க்குக் காசு கட்டுகிற செத்தேல் போன்ற கைப்பேசிச் செயலியில் ஒரு தடவை பதிந்து வைத்துக்கொண்டால், அட்டை மக்கர் செய்கிற நாளில் கை கொடுக்கும். மாதத்தில் மிச்சமாகிற லிட்டர் அடுத்த மாதத்துக்குச் சேராது.

இன்னொன்றைச் சொல்லாமல் போக மனம் ஒப்பவில்லை. இந்த மானியம் ஆளுக்கு, வண்டிக்குக் கிடையாது. குடியுரிமையும் செல்லுபடியாகும் லைசென்சும் வேண்டும். தோட்டத்தில் பிறந்து, இங்கேயே பால்மரம் வெட்டி முதுமைக்கு வந்தும் இன்னும் குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கிறவர்கள் நம் மக்களிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு 1.99 கிடையாது. தோட்டத்து மண் ரோட்டில்தானே ஓட்டுகிறோம் என்று பி2 என்ற மோட்டார் சைக்கிள் லைசென்ஸ்கூட எடுக்காமலே காலம் கழித்தவர்களுக்கும் கிடையாது. மோட்டார் சைக்கிளோடு நின்றால் பாதிப்பு குறைவு: நாளுக்கு 20 கிலோமீட்டர் ஓடுகிற இஎக்ஸ்5 மாதம் 12 லிட்டர்கூடக் குடிக்காது, வித்தியாசம் 7 வெள்ளி அளவில் வரும். கார் வைத்திருந்தால் மேலே சொன்ன 68 வெள்ளி. வீட்டில் லைசென்ஸ் இல்லாத இளையவர் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே எடுக்க வையுங்கள். சிவப்பு அட்டைக்காரர் குடியுரிமை மனு பாதியில் நிற்கிறது என்றால் அதை மறுபடியும் கையில் எடுக்கப் பிள்ளைகள் உதவ வேண்டும்.

இனி வண்டிக்கு வருவோம். 14 தர வேண்டிய கார் 11 தந்தால் மாதம் 111 லிட்டர் 142 ஆகும். 1.99 விலையிலேயே 60 வெள்ளி கூடுதல். அரசாங்கம் 6 காசு குறைத்ததில் கிடைத்ததைப் போல் ஒன்பது மடங்கு இது. அதனால் முதல் வேலை, உண்மையில் எவ்வளவு தருகிறது என்று அளப்பது. மீட்டர் முள் இறங்குவதை வைத்துச் சொல்வது நம்ப முடியாதது. பம்பில் முதல் ‘டக்’ சத்தம் வரும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். கால் டேங்க் வரும்வரை வழக்கம்போல் ஓட்டி, அதே ஸ்டேஷன் அதே பம்பில் மறுபடியும் முதல் டக் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை ஏறிய லிட்டரால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். டக் எங்கே நிற்கிறது என்பது கொஞ்சம் முன்பின் ஆகும், மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். டக் வந்த பிறகும் ‘சரிக்கு’ அழுத்தி ஊற்றும் பழக்கத்தை நிறுத்துங்கள். பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவுக்குள் திரவம் போய்விட்டால், எண்ணெய் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் இன்ஜின் திணறும். அந்த டப்பாவை மாற்றுவது மலிவும் இல்லை.

குறைந்தால் எதைத் தேடுவது? எல்லோரும் முதலில் காற்றைச் சொல்வார்கள். டயர் காற்று முக்கியம்தான், ஆனால் அது தனியாக மூன்று கிலோமீட்டரைத் தின்னாது. நாலு டயரிலும் காற்றழுத்தம் 10 பிஎஸ்ஐ குறைந்திருந்தால்கூட எண்ணெயில் இரண்டு சதவீதம் அளவுக்குத்தான் போகும். டயர் ஓரம் தேய்வதும் மழையில் வழுக்குவதும் அதைவிடப் பெரிய நட்டம். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய அளவைப் பார்த்து, காலையில் டயர் சூடாகும் முன் அடியுங்கள். ஸ்டேஷன் மெஷினில் கேபிஏ காட்டினால் 230 என்பது 33 பிஎஸ்ஐ.

பெரிய திருடன் பிரேக். தோட்டத்துச் செம்மண் தண்ணீரில் ஓடுகிற வண்டிகளில் முன்பக்கக் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்கில் அழுத்துகிற பாகம்) நகர்கிற பின்கள் கிரீஸ் காய்ந்து துருவேறி இறுகிவிடும். காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும். பார்ப்பது சுலபம்: அதிகம் பிரேக் போடாமல் அரை மணி ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு ரிம் பக்கமும் தொடாமல் உள்ளங்கையைக் காட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரம்தான். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கிற கிரீஸ் போட்டு, ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றினால் சரியாகிவிடும். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதி மறுபடியும் இறுகும்.

அடுத்தது தெர்மோஸ்டாட், இன்ஜின் சூட்டைப் பார்த்துக் குளிர்நீரைத் திறந்து மூடுகிற வால்வு. இன்ஜின் சூடேறுகிறது என்று போனால் சில பட்டறைகளில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ‘இனி சூடேறாது’ என்று அனுப்பிவிடுகிறார்கள். வீரா, ஈஸ்வரா, பழைய சாகா வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நெடுநேரம் பிடிக்கும், மழை நாளில் நீண்ட ஓட்டத்தில் வராமலே போகும். இன்ஜெக்ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் ‘இன்னும் குளிர்’ என்று நினைத்து எண்ணெயைக் கூடுதலாக விட்டுக்கொண்டே இருக்கும். சூடுமானி முள் நடுவுக்குக் கீழேயே நின்றால் சந்தேகப்படலாம். சூடேறியதற்கு உண்மையான காரணம் அடைத்த ரேடியேட்டராகவோ ஃபேன் சுவிட்சாகவோ இருக்கும், அதைச் சரி செய்துவிட்டுத் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். இன்ஜெக்ஷன் காரில் ஏர் ஃபில்டர் அழுக்கானால் இழுவை குறையும், எண்ணெய்ச் செலவு பெரிதாக ஏறாது. கார்பரேட்டர் வண்டிக்குத்தான் அது எண்ணெயைத் தின்னும்.

அப்படித்தான் பழைய இஎக்ஸ்5. தூசி அடைத்த ஃபில்டரோடு ஓடினால் காற்று குறைந்து பெட்ரோல் கலவை தடித்து, பிளக் நுனி கருப்பாகப் புகை படிந்திருக்கும். பழுப்பு நிறத்தில் இருந்தால் நல்லது. காலைப் பனியில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, முழுதாகத் திருப்பி விடாமல் போகிறவர்கள் நிறைய. பாதி சோக்கில் வேலைக்குப் போய் வந்தாலும் வண்டி ஓடும், எண்ணெய்தான் கரையும். நிறுத்திய இடத்தில் பெட்ரோல் வாடை நிற்காமல் வந்தால் கார்பரேட்டர் மிதவை ஊசி தேய்ந்திருக்கிறது. காய்ந்த செயின், அளவுக்கு மேல் இறுக்கிய செயின் இரண்டுமே இழுவையைத் தின்னும். மைவி, ஆக்சியா, சாகா, இஎக்ஸ்5 எதற்கும் ரோன்97 வேண்டாம். ஆக்டேன் எண் இன்ஜின் தட்டாமல் இருப்பதற்கானது, அதில் கூடுதல் கிலோமீட்டர் இல்லை. டேங்கில் போடுகிற மாத்திரை, குழாயில் மாட்டுகிற காந்தம் இவற்றுக்குக் கொடுக்கிற காசை ஃபில்டருக்குக் கொடுங்கள்.

டீசலுக்கு வந்தால் கதை மாறுகிறது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் 2.15 இலிருந்து 3.35 ஆனது, லிட்டருக்கு 1.20 வெள்ளி ஏற்றம். சபா, சரவாக், லாபுவானில் 2.15 அப்படியே நின்றது. தகுதியுள்ள தனியார் டீசல் வண்டிக்காரருக்கும் சிறுதோட்டக்காரருக்கும் பூடி மடானி என்ற உதவித் திட்டத்தில் அப்போது மாதம் 200 வெள்ளி கொடுத்தார்கள். 200ஐ 1.20ஆல் வகுத்தால் 166 லிட்டர். அதற்குக் கீழே போடுகிறவருக்கு அந்த விலையில் நட்டமில்லை. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தருகிற ஹைலக்ஸில் அது 1,660 கிலோமீட்டர். மாதம் 300 லிட்டர் போட்டுக் குலை ஏற்றி மில்லுக்கு ஓடியவர் 360 வெள்ளி கூடுதலாகக் கட்டி 200 வாங்கினார், மீதி 160 அவர் கையிலிருந்து போனது. டீசல் விலை அதற்குப் பிறகு 3.35ஐவிட இறங்கிய வாரங்களில் இந்தப் பள்ளம் சுருங்கியது. ஆகவே வாடகை பேசும்போது ‘டன்னுக்கு இவ்வளவு’ என்று ஒரே தொகையில் முடிக்காமல், டீசல் இந்த விலை தாண்டினால் டன்னுக்கு இத்தனை கூடும், இறங்கினால் இத்தனை குறையும் என்று முதலிலேயே பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நியாயம். அரைப் பாரத்தில் இரண்டு நடை ஓடுவதைவிட, வண்டி தாங்குகிற அளவுக்குள் நிரப்பி ஒரே நடையில் போகக் குலை வெட்டும் நாளைப் பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்த்து வைப்பது நேராகக் காசு மிச்சம்.

விலை ஏறியதும் சிலர் டேங்கை அடிமட்டத்தில் வைத்து, மலிவாகும் வாரத்துக்குக் காத்திருக்கிறார்கள். டீசலில் இது ஆபத்து. இங்கே விற்கிற டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த மெத்தில் எஸ்டர் கலந்திருக்கிறது, அது சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் இழுக்கும். காலி டேங்கின் மேல்சுவரில் இரவில் நீர் படிந்து கீழே இறங்கும். பழைய வண்டியில் டேங்க் அடியில் ஊறிய கசடையும் அந்த எஸ்டர் கரைத்துக் கிளப்பிவிடும். ஃபில்டர் அடைக்கும், மேடு ஏறும்போது இழுவை விடும், கவனிக்காமல் விட்டால் டீசலை இன்ஜினுக்குள் பீச்சுகிற காமன் ரெயில் இன்ஜெக்டர் போகும். அதன் விலை பல மாத டீசல் மிச்சத்தை விழுங்கிவிடும். டேங்கைப் பாதிக்குக் கீழே விடாதீர்கள். ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை ஒரு தெளிவான போத்தலில் பிடித்துப் பாருங்கள், அடியில் தனியாக நிற்பது தண்ணீர். சுத்தமான டீசல் வரும்வரை விட்டு மூடுங்கள்.

பள்ளி வேனில் பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோர் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாளுக்கு 80 கிலோமீட்டர், 22 நாள், லிட்டருக்கு 9 என்று வைத்தால் மாதம் 195 லிட்டர். 1.20 வெள்ளி ஏற்றம் முழுதாக விழுந்தால் 15 பிள்ளைகளுக்குப் பகிர்ந்து தலைக்கு 15, 16 வெள்ளி கூடும். ஆனால் உரிமம் பெற்ற பள்ளி பஸ்ஸுக்கு மானிய டீசலுக்கான ஃபிளீட் கார்டில் டீசல் 1.88 வெள்ளிக்குத்தான் கிடைத்தது, அந்த வண்டிக்காரர் எண்ணெயைக் காரணம் காட்டிக் கட்டணத்தைக் கூட்டத் தேவையில்லை. கார்டு இல்லை என்றால் உரிமம் இருக்கிறதா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். உரிமம் இல்லாத வண்டியில் விபத்து நடந்தால் பிள்ளைகளுக்குக் காப்புறுதி கிடைப்பதும் சந்தேகம்.