கிளிப்டனில் எந்தத் தெருவுக்கு முதலிடம்?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பணக்காரப் புறநகரான கிளிப்டனுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தொங்கு பாலத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பாலம் திறக்கப்பட்டது 1864இல். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே எழுந்த ஜார்ஜியன் கால (ஜார்ஜ் என்ற பெயருடைய மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட காலம்) வீட்டு வரிசைகள் பக்கத்துச் சரிவிலேயே இருக்கின்றன. ஒரு மாலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது?

எல்லோரும் முதலில் கைகாட்டுவது ராயல் யார்க் கிரெசன்ட். கிரெசன்ட் என்றால் பிறைபோல வளைந்த வீட்டு வரிசை. ஏறக்குறைய 400 மீட்டருக்கு ஒரே வளைவாக 46 வீடுகள். சரிவான நிலம் என்பதால் வீடுகளுக்கு முன்னால் வரிசையாக நிலவறைகள் கட்டி, அவற்றின் கூரையையே அகலமான நடைபாதை ஆக்கிவிட்டார்கள். கீழே தெருவில் வண்டிகள் போக, நாம் மேலே வாசல் வாசலாக நடக்கலாம். முதல் மாடியில் இரும்புக் கிராதி போட்ட பால்கனிகள். அழகுப் போட்டி என்றால் பரிசு இதற்குத்தான், பேச்சே இல்லை. ஆனால் அந்த அழகு ஒரே மூச்சில் வந்ததல்ல. 1791இல் வேலை தொடங்கியது. 1793இல் பிரான்ஸோடு போர் மூண்டதும் கடன் வற்றிப்போய், கட்டியவர்கள் திவாலானார்கள். அரைகுறையாக நின்றதைப் படைமுகாம் ஆக்கலாம் என்று 1801இல் அரசு வாங்கியது. அக்கம்பக்கத்துச் சீமான்கள் விடுவார்களா? எதிர்ப்புக் கிளம்பியது, யோசனை கைவிடப்பட்டது. கட்டி முடிக்க 1820 ஆயிற்று.

அதற்குக் கீழே கார்ன்வாலிஸ் கிரெசன்ட். பெயரைக் கேட்டதும் திப்புவிடமிருந்து சேலம், திண்டுக்கல் சீமைகளை வாங்கிக்கொண்ட கார்ன்வாலிஸ் ஞாபகத்துக்கு வருவார். இதுவும் 1791இல் தொடங்கி, அதே பணமுடையில் மாட்டி, இன்னும் தாமதமாக முடிந்த தெரு. சிக்கல் என்னவென்றால், சாலைக்குத் தெரிவது வீடுகளின் முதுகுப்பக்கம். முகம் தெற்கே தோட்டத்தைப் பார்த்திருக்கிறது. குடியிருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

கிளிப்டன் ஹில் ஹவுஸ் இவற்றைவிடப் பழையது. லினன் துணி வணிகர் பால் ஃபிஷருக்காக 1740களின் பிற்பகுதியில் ஐசக் வேர் வடிவமைத்த தனி மாளிகை, இப்போது பல்கலைக்கழக விடுதி. கச்சிதமான கட்டடம், வெளியிலிருந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

என் ஓட்டு வின்சர் டெரஸுக்கு. டெரஸ் என்றால் இங்கே மொட்டைமாடி அல்ல, ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசை. வில்லியம் வாட்ஸ் என்ற பிளம்பர், உருக்கிய ஈயத்தை உயரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழவைத்தால் துப்பாக்கிக் குண்டுகள் உருண்டையாக வரும் என்று கண்டுபிடித்து, 1782இல் காப்புரிமை வாங்கினார். கையில் காசு சேர்ந்தது. அதைக் கொண்டுபோய் மலைவிளிம்பில் வீடு கட்டுவதில் போட்டார். வீடு நிற்க வேண்டுமானால் முதலில் மண்ணைத் தாங்க ஒரு தடுப்புச்சுவர் வேண்டுமே! அந்தச் சுவரே பணத்தையெல்லாம் விழுங்கிவிட, 1794இல் மனிதர் திவால். வீடுகளைப் பிறகு வேறு ஆட்கள் கட்டினார்கள். மேலே நின்று பார்த்தால் இது சாதாரண வரிசை. மலையடியில் உள்ள ஹாட்வெல்ஸ் பகுதிக்கு இறங்கி அண்ணாந்து பாருங்கள், அந்தச் சுவரின் பிரம்மாண்டம் தெரியும். கிளிப்டன் எப்படிப்பட்ட சூதாட்டத்தில் கட்டப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அங்கே இல்லை.

அப்புறம் ஒன்று. இந்த வரிசை வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், உள்ளே போக முடியாது. உள்ளே பார்த்தே ஆகவேண்டும் என்றால் நகரப் பக்கம் இறங்கி, கிரேட் ஜார்ஜ் தெருவில் உள்ள ஜார்ஜியன் ஹவுஸ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நெவிஸ் தீவுக் கரும்புத் தோட்ட முதலாளி ஜான் பின்னியின் வீடு அது. அவருடைய அடிமை பெரோவும் அங்கேதான் இருந்தார். குளிர்காலத்தில் மூடியிருக்கும், தேதி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.